நன்றி சொல்லி வைத்த பிளெக்ஸ்

பிளெக்ஸ் கட்டிய காலையில் கடை வாசலில் நின்றது நான்கு பேர்: நான், சாப்பாட்டுக்கடை நடத்தும் அக்கா, அவள் கணவர், ஏணி தந்த சைக்கிள் கடைக்காரர். யாருக்கு நன்றி சொல்லியிருந்தேனோ அந்த மூன்று பேரும் இல்லை. நான் கூப்பிடவில்லை. சாப்பிட வரும்போது தாங்களாகவே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இராஜாக்கமங்கலம் போகிற ரோட்டில், ஐந்து பெஞ்சு போட்ட கடை அது. அரிசி, மசாலா, கேஸ் மட்டும்தான் அக்கா விலைக்கு வாங்குவாள். மீன், கடலுக்குப் போகிற ஒரு வள்ளக்காரர் தருவார். தேங்காய் பக்கத்துத் தோப்புச் சேச்சி. மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு ஒரு விவசாயி. பின்வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போவார்கள்; தோன்றினால் ஒருவாய் சாப்பிடுவார்கள். அதனால்தான் அறுபது ரூபாய்க்கு மீன்சாப்பாடு போட முடிந்தது.

மெயின் ரோட்டில் ஏசி ஹோட்டல் வந்ததும் கூட்டம் பாதியாகிவிட்டது. “ஓணம் வரைக்கும் பாப்பேன் மக்கா. அதுக்கு மேல முடியாது” என்றாள் அக்கா.

நான் நாகர்கோவிலில் டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன். எழுதி வைத்தது நிற்கும் என்று நம்புகிறவன். கோயில் டியூப்லைட்டில்கூட ‘உபயம்’ என்று பேர் எழுதுகிற ஊர். பேர் விட்டுப்போனால்தான் இங்கே சண்டை வரும். கடைக்குக் கூட்டம் திரும்பட்டும் என்று ஒரு பிளெக்ஸ் அடித்தேன். ‘எல்லாம் நம்ம ஊர்ப் பொருள்’ என்று மேலே போட்டு, கீழே மூன்று பேரையும் அளவோடு போட்டேன். தினமும் இரண்டு கிலோ மீன், ஆறு தேங்காய், ஒரு கூடை மரச்சீனி. அளவு சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

மத்தியானம் வள்ளக்காரர் வந்தார். உட்காரவில்லை.

“ஏலே, ரெண்டு கிலோன்னு நிறுத்தவன் எவன்? பங்கு வைக்கதுக்கு முன்ன எடுத்தியான்னு வள்ளத்துக் கூட்டாளிமாரு கேக்கானுவ. எனக்க பங்குலேருந்துதான் தந்தேன். இனி எவன் நம்புவான்?”

சேச்சி வரவே இல்லை. கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்த அவள் கணவர் வாசலில் பைக்கை நிறுத்தி, “அப்போ மாசம் நூத்தியெண்பது தேங்கா” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். மரச்சீனிக்காரர் மட்டும் சிரித்தார். “எனக்க பேரை மீனுக்குக் கீழயா லே போட்ட?” சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மறுநாள் கூடை வரவில்லை.

பிளெக்ஸைக் கட்டிய அன்று சாயங்காலமே அவிழ்த்துவிட்டேன். அவிழ்த்து என்ன? ஊர் வாசித்தாயிற்று. வள்ளக்காரர் வீட்டுக்குப் போனேன். “உன் மேல ஒண்ணுமில்ல மக்கா, நீ போ” என்று கதவருகிலேயே அனுப்பிவிட்டார்.

அக்கா சந்தையில் மீன் வாங்கிப் பார்த்தாள். சாப்பாடு நூற்றுப்பத்து ஆனது. அந்த விலைக்கு ஏசியிலேயே உட்காரலாமே என்று மிச்சம் இருந்தவர்களும் போனார்கள். ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே கடையைப் பூட்டினாள். பெஞ்சுகளைத் தூக்கிவைக்க நானும் போயிருந்தேன்.

“நல்லாத்தான் எழுதியிருந்த மக்கா” என்றாள். “பிழை ஒண்ணுகூட இல்ல.”

அச்சுக்கூலியும் மரச்சட்டமும் சேர்த்து எண்ணூற்றைம்பது ரூபாய். அதில் முந்நூறு அக்கா தந்தது.