காப்பிக்கு நிற்கிற இடம்

என் அறைக் கதவுக்குப் பின்னால், சட்டை மாட்டுகிற ஆணியில், ஒரு மஞ்சள் நைலான் பட்டை தொங்குகிறது. ஒரு ஓரம் நார்நாராகப் பிரிந்திருக்கிறது. நுனியிலுள்ள இரும்புக் கொக்கி வாய் பிளந்து கிடக்கிறது. இனி எதையும் கட்ட உதவாது. தூக்கிப் போடேன் என்று உம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். சரி சரி என்றேன். பட்டை அங்கேயேதான் இருக்கிறது.

அது மச்சானுடையது. என் லாத்தாவை, அதாவது மூத்த அக்காவைக் கட்டியவர். வளைகுடாவில் பதினோரு வருஷம், மணலில் புதைந்த வண்டிகளை இழுத்து வரும் லாரி ஓட்டினார். மேலப்பாளையம் திரும்பியவர் எல்லாரையும் போல வீட்டுக்கு மாடி எடுக்கவில்லை. ஒரு பழைய ஜீப் வாங்கினார். திசையன்விளைப் பக்கத்துத் தேரியில், அந்தச் செம்மணல் மேடுகளில் ஏற்றி இறக்குவதற்கென்றே. நான் அப்போது என்ஜினீயரிங் முடித்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் துறுதுறுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குள் பன்னிரண்டு வயது வித்தியாசம். ஜீப்புக்கு அடியில் படுத்துக்கிடக்கும்போது அது இரண்டு பேருக்குமே நினைவிருக்காது.

மணலுக்காகப் பெரிய டயர் போட்டு, கூரையைக் கழற்றி, கண்டபடி மாற்றியதில் ஜீப் ரோட்டில் ஓட லாயக்கில்லாமல் போயிற்று. அதனால் ஒரு டிரெய்லரில் ஏற்றி, அவருடைய பிக்கப்பின் பின்னால் இழுத்துக்கொண்டு போவோம். எடை முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக விழ வேண்டும், பின்னால் கூடினால் டிரெய்லர் வாலாட்டும் என்று கணக்குப் போட்டு, பலகையில் வெள்ளைக் கோடு இழுத்தவன் நான். “ஒன் படிப்பு கோடு போடத்தாம்லே ஆவும்” என்பார். ஆனால் முன்சக்கரத்தை அந்தக் கோட்டிலேதான் கொண்டு வந்து நிறுத்துவார். நாலு மூலைக்கும் நாலு பட்டை. கொக்கியை ஜீப்பின் உடம்பில் மாட்டாமல் அச்சில் மாட்டுவோம். மேலே ஸ்பிரிங் அதன்பாட்டுக்குக் குதித்தாலும் கீழே பிடி விடாது. பல்சக்கரக் கைப்பிடியை ஆட்ட ஆட்டப் பட்டை பல் பல்லாக இறுகும். நான் கை நடுங்கும்வரை இறுக்குவேன். “கட்டுதது வேற, நெரிக்குதது வேற லே” என்று ஒரு பல்லைத் தளர்த்துவார். பிறகு உள்ளங்கையால் பட்டையைத் தட்டிக் காது கொடுப்பார். அவருக்குப் பிடித்த சத்தம் வந்தால்தான் வண்டி கிளம்பும்.

கிளம்பிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், ஒரு புளியமரத்தடியில் கருப்பட்டிக் காப்பிக் கடை இருக்கிறது. எத்தனை அவசரமானாலும் “காப்பி குடிச்சிட்டுப் போவோம்” என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்துவேன். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், பட்டைகளைத் தட்டுவார், எங்காவது ஒரு பல் ஏற்றுவார். காப்பி ஆறும்வரை சும்மா நிற்க மாட்டாமல் செய்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன். படித்த படிப்புக்கு ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டிருக்கலாம்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி ஏற்றுகிற இடது கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது. குடிக்கிற தண்ணீரை லாத்தா ஒரு சின்ன பாட்டிலில் அளந்து வைப்பாள். நாள் முழுக்க அவ்வளவுதான். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தேரியில் இன்னும் ஒரே ஒரு தடவை ஜீப் ஓட்டிவிட வேண்டும் என்றதைத் தவிர. லாத்தா ஒரு மாதம் மறுத்தாள். நான் பொறுப்பு என்று தினமும் போய் நச்சரித்தேன். கடைசியில் சம்மதித்தவள் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: “வண்டிய எப்படியும் கொண்டு போயிருவ. அவுக மொகம் வாடாமக் கொண்டாந்து விடு.”

அன்று விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் நானே ஜீப்பை ஏற்றினேன், நானே கட்டினேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து வந்து வலது கையால் நாலையும் தட்டிவிட்டு, குறை ஒன்றும் சொல்லாமல் பிக்கப்பில் ஏறினார். ஊர் எல்லை தாண்டும் முன்னமே கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப் போனார். முந்தின நாள் டயாலிசிஸ் செய்த அசதி. புளியமரம் வந்தது. வேகத்தைக் குறைத்தேன். கருப்பட்டி மணம் வண்டிக்குள் வந்தது. குடிக்கக் கூடாதவரை எழுப்பி, காப்பிக் கடை முன்னால் நிறுத்தி எதற்கு நோகடிக்க வேண்டும்? தூங்கட்டும் என்று கடந்து போனேன். இவ்வளவு பக்குவமாக யோசித்ததில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தேரியின் சிவப்பு தூரத்தில் தெரிய ஆரம்பித்த இடத்தில் ஒரு வேகத்தடை. பார்த்துப் பையத்தான் ஏற்றினேன். பின்னால் ஏதோ அறுந்த மாதிரி ஒரு சத்தம். ஒரு கொக்கி கழன்று, ஜீப்பின் பின்பக்கம் ஒருக்களித்துச் சரிந்து, மற்றப் பட்டைகளையும் பிடுங்கிக்கொண்டு ரோட்டோரம் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. முன் அச்சு வளைந்துவிட்டது.

அவர் மெதுவாக இறங்கி வந்தார். கிழிந்த பட்டையை எடுத்துப் பார்த்தார். ஜீப்பை அப்புறம்தான் பார்த்தார்.

“காப்பிக்கு நிக்கலையாலே?”

“நீங்கதான் குடிக்கக் கூடாதே மச்சான்.”

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். “காப்பி நமக்கா? பட்டைக்குல்லா” என்றார்.

கட்டின பட்டை முதல் பத்துக் கிலோமீட்டரில்தான் நெகிழும். குலுக்கலில் டயர் அமரும், நைலான் இழுபடும். அங்கே ஒரு தடவை நிறுத்தி இறுக்கிவிட்டால் கடைசிவரை அசையாது. இந்தப் பாடம் முழுவதற்கும் அவர் வைத்திருந்த பெயர் காப்பி. அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஊர்க்காரர்கள் கயிறு போட்டு ஜீப்பைத் தூக்கிக் கொடுத்தார்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. அவரால் நிற்க முடியவில்லை. தேரி அங்கேயே தெரிந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் புளியமரத்தடியில் அவரே நிறுத்தச் சொன்னார். எனக்கு ஒரு காப்பி வாங்கினார். கிளாசை இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு என்னிடம் தந்தார். குடித்தேன். என்ன ருசி என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை. வீட்டு வாசலில் லாத்தா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

வளைந்ததற்குப் பதில் புது அச்சுக்குச் சொல்லிவைத்தேன். ஒவ்வொரு டயாலிசிஸ் நாளிலும், அச்சு வந்திருச்சா என்று கேட்பார். அது வந்து சேர்ந்தபோது அவர் மௌத்தாகி, அடக்கமும் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பிரிக்காமலே வைத்திருந்தேன்.

போன வாரம் லாத்தா வந்தாள். ஜீப் கொட்டகையில் கிடந்து துருப்பிடிக்கிறதைப் பார்க்க முடியவில்லை, சரிபண்ணி ஓட்டிவிட்டு வா என்றாள். புது அச்சைப் பிரித்து மாட்டினேன். இன்று காலை வெள்ளைக் கோட்டில் சக்கரத்தை நிறுத்திக் கட்டினேன். மூன்று பழைய பட்டை, கிழிந்ததற்குப் பதில் ஒரு புதுசு. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. புளியமரத்தடியில் நிறுத்தினேன். காப்பியா என்று கடைக்காரர் கேட்டார். இருக்கட்டும் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு டிரெய்லரைச் சுற்றி வந்தேன். மூன்று பட்டை சரியாகச் சத்தம் கொடுத்தது. புதுசு மட்டும் பொத்தென்றது. கைப்பிடியை ஆட்டி இறுக்கினேன்.

இரண்டு பல். கதவுக்குப் பின்னால் தொங்குகிறதே, அதுவும் அன்று இந்த இடத்தில் இவ்வளவுதான் தளர்ந்திருக்கும்.