தறிக்குழியில் சுண்டெலி வேட்டை

"எலி எத்தன நாள்ல சார் குட்டி போடும்?" என்று எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தபோது கேட்டவன் சேகர். இருபது நாள் என்றேன்.

இன்று காலை அவன் வீட்டுக்குப் போனபோது, தறியில் கால் வைத்து மிதிக்கும் பள்ளமான தறிக்குழியில் நின்று கட்டையால் சுண்டெலிகளை வெறியோடு அடித்துக்கொண்டிருந்தான். கஞ்சி போட்ட பட்டுப் பாவின் நெடுக்கிழைகளை அவை கடித்துவிட்டன. வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குத் தரவேண்டிய புடவை.

தாய் எலி நசுங்கி, ரத்தம் மீதி இழைகளில் தெறித்தது. பட்டுக் கழிவில் கட்டிய கூட்டில் ஏழு சிவந்த குட்டிகள். அங்கும் கட்டை இறங்கியது.

"வம்சத்தையே முடிச்சிட்டேன் சார்!"

"குட்டி போட்ட அன்னிக்கே திரும்பச் சினையாயிடும், சேகர். இன்னும் எத்தன இருக்கோ?"

சுவருக்குள் கீச்சென்றது.

"அடிச்சிகினே இருங்க, பொடவைய யாரு நெய்யறது?" என்றாள் அவன் மனைவி. "கஞ்சிச் சட்டியத் தெறந்து வச்சதே நீங்கதான்."

கட்டையைப் போட்டுவிட்டு, அறுந்த இழைகளை முடிய உட்கார்ந்தான்.

உங்கள் வீட்டில் சட்டியைத் திறந்து வைப்பது யார்? கட்டையை எடுக்குமுன், இன்று ஒருநாள் அதை மூடி வைத்துப் பாருங்கள்.