ஓடைப் பாதையும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. தன்னைப் பற்றி நினைவு மலர் போடுவதற்கு அக்கா ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டார். "வேற சோலி இல்லையாட்டி ஒனக்கு" என்றுதான் கேட்டிருப்பார். ஆனாலும் தங்கை நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

சுரண்டையில் பிறந்து, குற்றால மலையடிவாரத்தில் உள்ள இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அக்கா. பின்னர் என்னையும் இதே ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் சீக்கிரமே போய்விட்டார். பீடி சுற்றியும் மாடு வைத்துப் பால் கறந்தும் மகனையும் மகளையும் ஆளாக்கினார் அக்கா. கோபம் மட்டும் மூக்குக்கு மேல் வரும்.

ஊருக்கு மேற்கே ஓடைக்கு ஒரு பாதை போகிறது. மாடு குளிப்பாட்ட, துணி துவைக்க, புல் அறுக்க, இறந்தவர்களுக்குக் காரியம் செய்ய, எல்லாவற்றுக்கும் ஊருக்கு அதுதான் வழி. இருபுறமும் நிலம் வாங்கி விடுதி கட்டிய வெளியூர்க்காரர் ஒருவர், பாதையின் குறுக்கே இரும்புக் கதவு போட்டார். காவலுக்கு நம் ஊர் செல்லையா அண்ணனையே நிறுத்தினார். நம்மவர்தானே என்று நாங்களும், "அண்ணே, கொஞ்சம் தொறங்க" என்று கேட்டுக் கேட்டே போய்வந்தோம்.

சாரல் சீசன் வந்ததும், விருந்தாளிகளுக்கு இடைஞ்சல் என்று எங்களுக்கு மட்டும் கதவைப் பூட்டிவிட்டார்கள். மனுக் கொடுத்தோம். விசாரிக்க வந்த அதிகாரியிடம் விடுதிக்காரர், "என் அனுமதி கேட்டுத்தான் சார் போனாங்க" என்றார். அதிகாரி எங்களைப் பார்த்து, "கேட்டுத்தான் போனீங்களா?" என்றார். "ஆமா சார்" என்று ஊரே மரியாதையாகத் தலையாட்டியது. "அப்போ அது அவர் பாதைதானே" என்றுவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அக்கா எல்லோரையும் கூட்டினார். "பாட்டன் பூட்டன் நடந்த பாதைய நம்ம வாயாலயே தூக்கிக் குடுத்துட்டோம்லா. இனி ஒருத்தரும் கேக்கப்பிடாது. தொறக்கிற வரைக்கும் அங்கனயே உக்காருவோம்."

"சோலி கெட்டுப்போவும்லாக்கா? பீடி யாரு சுத்துவா?" என்று நான்தான் கேட்டேன்.

"பீடி சுத்த வீடா வேணும்? தட்டத் தூக்கிட்டு வா."

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முறை வைப்பதுபோல் வீட்டுக்கு வீடு முறை வைத்தார் அக்கா. கீழத்தெரு பாத்திமா மைனி தம் தெருப் பெண்களை அழைத்து வந்தார். புகையிலை நமுத்துவிடாமல் மேலே தார்ப்பாய் கட்டி, பூட்டிய கதவின் முன் உட்கார்ந்து பீடி சுற்றினோம். பக்கத்தில் மாடுகள் நின்றன. விடுதிக்கு வந்த கார்கள் திரும்பிப் போயின.

சிலர் செல்லையா அண்ணனை ஏசினார்கள். அக்கா விடவில்லை. "வயித்துப்பாட்டுக்கு நிக்காரு. அவர ஏசினா கதவு தொறந்திருமா?" என்றவர், தன் மதியச் சோற்றில் அவருக்கும் பங்கு கொடுத்தார். அடுத்த விசாரணையில் அந்த அண்ணனே எழுந்து, "நான் பொறக்கதுக்கு முந்தியே இது ஊர்ப் பாதை சார். கதவு போட்ட பொறவுதான் கேக்க ஆரம்பிச்சாங்க" என்றார். அவருக்கு வேலை போனது. கதவும் போனது.

வீட்டுக்கு வீடு குழாய் வந்தபின் ஓடைக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நடக்காவிட்டால் பாதை மறுபடியும் கைவிட்டுப் போய்விடுமே என்று அது அக்காவை அரித்துக்கொண்டே இருந்தது. மூச்சுத் திணறலோடு தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "இன்னைக்கு ஓடப் பக்கம் யாரு போனா?" என்றுதான் கேட்பார். எல்லாரும் போகிறார்கள் என்றால் நம்ப மாட்டார். "நீ போனியா, அதச் சொல்லு" என்பார்.

அக்கா இல்லாத வீட்டுக்குள் நுழைய இன்னும் எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த பாத்திமா மைனிக்கும், பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்த செல்லையா அண்ணனுக்கும், முறை தவறாமல் கதவின் முன் உட்கார்ந்த ஒவ்வொரு வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரை வாங்கிக்கொள்ளும் உங்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நினைவு நாள் சாப்பாடு முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். ஓடை வரைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். யாரிடமும் கேட்க வேண்டாம்.