உல்லத்துக்கு விடுமுறை

எட்டு வயதில் நான் சொன்ன ஒரு வார்த்தையால் மாமாவின் வலை போயிற்று. அன்று எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு த்வாண்டே என்ற ஆற்றங்கரை ஊரில் குடியிருந்து, ஆற்றில் உல்லம் மீன் பிடித்துப் பிழைத்தார். அப்பா ரங்கூனில் மீன் பாதுகாப்புக் குழு ஒன்றில் எழுத்தர். உல்லம் முட்டையிடும் மாதங்களில் மீன்பிடிப்பை நிறுத்துவது பற்றி த்வாண்டேயில் கூட்டம் நடந்தது. எனக்குப் பள்ளி விடுமுறை. அப்பா என்னையும் கூட்டிப்போனார்.

காலை முழுக்க வாக்குவாதம். மீன் குறைந்துவிட்டது என்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை. மாமா எழுந்து பர்மியத்தில் நெடுநேரம் பேசினார். கூட்டத்தை நடத்திய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கவே, மாமா அப்பா பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார்.

"ஆத்த மூடுங்க அத்தான், நான் வேணாங்கல. கடல்ல பெரிய கப்பல்காரன் குஞ்சோட வாரிக்கிட்டுப் போறானே, அத யாரு மூடுறது? அதயும் எழுதுங்க."

"உக்காரு மச்சான்," என்றார் அப்பா, தலை நிமிராமல். அதுவரை ஓடிக்கொண்டிருந்த அவர் பேனா அப்போது ஓடவில்லை.

குஞ்சுகளையும் வாரிவிடும் சின்னக் கண்ணி வலை யாரிடமாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். மீன் குஞ்சுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விடை தெரிந்த பெருமையில் கையைத் தூக்கினேன்.

"எங்க மாமா வீட்ல இருக்கு. என் சுண்டுவிரல்கூட அதுல நுழையாது," என்றேன் பர்மியத்தில்.

முதலில் சிரிப்பு, பிறகு கைதட்டல். அதிகாரி என் தலையைத் தடவினார். மாமாவைப் பார்த்தேன். அவரும் சிரித்தார், அவருக்கும் பெருமைதான் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் வலையை எடுத்துப்போய் எரித்தார்கள். தடை வந்தது. சிறு படகுகள் எல்லாம் கரையேறின. எங்கள் வீட்டுக்கு த்வாண்டே அத்தை கருவாடு அனுப்புவது நின்றது. அம்மா பல நாட்கள் அப்பாவுக்குச் சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் எழுந்துபோனாள்.

பிழைக்க வேறு வழியில்லாமல் மாமா கப்பல் ஒன்றில் வலை இழுக்கப் போனார். மாதக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. கிறிஸ்மஸுக்கு வந்தபோது இரண்டு விரல்களில் துணி சுற்றியிருந்தது. "கப்பல் பெரிசா மாமா?" என்று கேட்டேன். "ரொம்பப் பெரிசும்மா," என்றார்.

பள்ளி திறந்ததும், எங்கள் மாமாவுக்குப் படகிலிருந்து கப்பலுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.