நான் மொழிபெயர்த்த நன்றி

ஒப்புரவு என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எட்டு வயதில் பாஸ்டரின் வாயிலிருந்துதான் அதை முதலில் கேட்டேன். சிங்களவர்களும் தமிழர்களும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து, ஒருவர் காலை ஒருவர் கழுவி, மன்னிப்புக் கேட்டு, ஒன்றாகச் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமை என்றார். கட்டிலில் படுத்திருந்த மாமா, "கேஸை வாபஸ் வாங்கச் சொல்றாரு. அதுக்கு வேதத்துல அப்புடி ஒரு பேரு," என்றார்.

மாமா அம்மாவின் தம்பி. எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கும் கீழே ரோட்டோரச் சிங்களக் கிராமத்துக்கும் தண்ணீர்க் குழாய் விஷயமாகச் சண்டை மூண்டபோது, பத்துப் பேர் துரத்தி அவருடைய இடுப்பை உடைத்துவிட்டார்கள். உயிர் தப்ப ஓடியவர் ஒரு வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கேட்டைத் தொறங்க, கொல்லப் போறானுங்க!" என்று கத்தியிருக்கிறார். உள்ளே நின்ற சிங்களப் பெண் அசையவில்லை. அந்தக் கேட்டடியிலேயே போட்டு அடித்தார்கள். பார்த்த சாட்சி அவள் ஒருத்திதான். அவள் வாய் திறக்காததால் பொலிஸ் ஒருவனையும் பிடிக்கவில்லை. ஆனாலும் அம்மா அவளைத் திட்டியதே இல்லை. "பாவம், அதுக்குத் தமிழ் தெரியாது. தம்பி என்ன கத்துச்சுன்னு வெளங்கியிருக்காது," என்பாள்.

அந்தப் பெண் மாத்தளை டவுன் சபைக்குப் போகிறவள். ஒப்புரவு ஞாயிறும் அங்கேதான். பாஸ்டர் அவளையும் அம்மாவையும் ஜோடி சேர்த்தது தற்செயலாக அல்ல. கமெராவோடு வந்திருந்த வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் காட்ட அதைவிட நல்ல ஜோடி எங்கே கிடைக்கும்? டவுனில் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததால் எனக்குச் சிங்களம் வரும். அதனால் மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

"நல்ல வார்த்தையை மட்டும் சொல்லும்மா. வேற ஏதாச்சும் வந்தா விட்டுரு," என்று பாஸ்டர் என் தலையைத் தடவினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் பேசினில் வெந்நீர் எடுத்து அம்மாவின் காலைக் கழுவினாள். கொழுந்து மலையில் நடந்து நடந்து வெடித்துப்போன கால். கழுவி முடித்து, "சமாவென்ன," என்றாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டாலும் சிங்களத்தில் இதே சொல்தான். அம்மா குனிந்து அவளுடைய ஈரக்கையைப் பிடித்தாள்.

"நோனா, காலெல்லாம் கழுவ வேணாங்க. பொலிசுக்கு வந்து பார்த்ததைச் சொல்லுங்க. அது போதும்."

சபை முழுக்க என்னைப் பார்த்தது. அம்மா உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்று சிங்களத்தில் சொன்னேன். ஒரே கைதட்டல். அவள் நிமிரவில்லை. துவாயால் அம்மாவின் பாதத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். என்னையாவது எட்டு வயசு என்று விட்டுவிடலாம். பாஸ்டர் மனுசனுக்கு ஐம்பது வயசு. என்ன கேட்டாள் அம்மா என்று அவருக்கு நன்றாகக் காதில் விழுந்தது. அவரும் சேர்ந்துதான் கை தட்டினார்!

பிறகு விருந்து. கோழிக்கறி வாசனையில் எனக்கு எல்லாமே மறந்துபோனது. அந்தப் பெண் சோற்றுச் சட்டியோடு அம்மாவின் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "அக்கா, இன்னுங் கொஞ்சம் சோறு போடவாங்க?" என்றாள். திக்காத, திணறாத தமிழ். அச்சு அசலாக எங்கள் லயத்துத் தமிழ்.

எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. எச்சில் கையோடு ஓடினேன்.

"பாஸ்டர், அவங்களுக்குத் தமிழ் தெரியும்!"

அவர் அல்லேலூயா என்றார். நான் திரும்பி வந்தபோது அம்மா கை கழுவிவிட்டு எழுந்து நின்றாள். தட்டில் கோழித் துண்டு அப்படியே கிடந்தது. இவ்வளவு நல்ல கறியை வீணாக்குகிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மலையேறும் பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி, "அப்ப அன்னைக்கே அவளுக்கு எல்லாம் வெளங்கியிருக்கு," என்றாள்.

"ஆமாம்மா," என்றேன் நான். "நான்தானே வெளங்குற மாதிரி எடுத்துச் சொன்னேன்."