வாப்பாவின் வாளி

பேராதனைக் கடையில் கோப்பிப் பொட்டலமொன்றில் ‘முதல் தரம்’ என்று கண்டதும், வாப்பாவின் வாளி நினைவுக்கு வந்தது. கோப்பி வியாபாரியான வாப்பா, ஊரார் விற்கக் கொண்டுவரும் பழங்களை அந்த வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மூழ்கினால் முதல் தரம். மிதந்தால் அரை விலை. எல்லார் பழமும் தாராளமாக மிதந்தது. இதை வாப்பாவின் விஞ்ஞானம் என்று பள்ளிக்கூடத்தில் நான் பெருமையடித்திருக்கிறேன்.

ஒருநாள் அம்பிட்டிய லெட்சுமி அக்கா, பழ மூட்டையோடு ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுவந்தார்.

“எங்க வீட்டுத் தண்ணி மொதலாளி. இதுல போட்டுப் பாருங்க.”

“ஏன், நம்ம தண்ணிக்கு என்ன?”

அக்கா வாளியில் விரலைவிட்டு நக்கினார். “ஒண்ணுமில்ல. உப்புப் போடாமலே கறி வைக்கலாம்.”

உப்புத் தண்ணீரில் நல்ல பழமும் மிதக்கும். வாப்பா முதல் தர விலையைக் கொடுத்தார். அன்றே உம்மா உப்புப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

பொட்டலத்தைக் கடைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். வாப்பாவின் மகனுக்கு யாரையும் நம்ப வராது.