மகளோடு மறைக்கல்விக்கு வந்தவர்

பேச்சிமுத்து இறந்த செய்தியை அவருடைய அண்ணன்தான் போன் செய்து சொன்னார். தெருவில் நடக்கும் அன்பிய ஜெபக் கூட்டத்துக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். “டீச்சர், தம்பி போயிட்டான். நாளைக்குக் காலையில எடுக்கோம். டீச்சருக்குச் சொல்லுங்க பெரியப்பான்னு புள்ள ஒரே அழுகை” என்றார். எப்போது என்று கேட்டேன். சாயங்காலம்தான், வெயில் தாழ்ந்த பிறகு என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். அன்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகள் என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தாள். நான் பதிலும் சொல்லியிருந்தேன். அந்தப் பதில் அந்த மனுஷனை எங்கே கொண்டுபோய் விட்டதோ என்ற பயம்தான் அழுகைக்கு முன்னால் வந்தது.

சங்கரன்கோவில் கத்தோலிக்கப் பங்கில் அவரை அறியாதவர்கள் குறைவு. பெயர் தெரியாதவர்கள்கூட ‘பிச்சிப்பூ அண்ணாச்சி’ என்றால் தலையாட்டுவார்கள். மேலநீலிதநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கிணற்றை நம்பிக் கொஞ்சம் பிச்சி போட்டிருந்தார். விடியுமுன் பறித்து, ஊருக்குள் வந்து மார்க்கெட்டில் போட்டுவிட்டு, அதே பைக்கில் மகளோடு கோயிலுக்கு வருவார். என் மறைக்கல்வி வகுப்புக்குள் அவர் நுழைந்தால் பூவாசம் முதலில் வரும். பங்கு மக்களாகிய உங்களில் பலருக்கு இன்னும் தெரியாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். பேச்சிமுத்து கத்தோலிக்கர் அல்ல. திருமுழுக்கே, அதாவது ஞானஸ்நானமே, வாங்காதவர். நம் ஆட்கள் பலரைவிட அதிகமாகக் கோயிலில் தென்பட்டதால் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

நம் பங்கில் ஒரு ஏற்பாடு உண்டு. முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளை மறைக்கல்விக்குத் தனியாக வரக்கூடாது. தாயோ தகப்பனோ பக்கத்தில் உட்கார்ந்து அதே பாடத்தைக் கேட்க வேண்டும். வீட்டில் ஜெபம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று நான்தான் பிடிவாதம் பிடித்து அதைக் கொண்டுவந்தேன். பிள்ளையை கேட்டில் இறக்கிவிட்டு டீக்கடைக்கு நழுவுகிற தகப்பன்மாரை என் வாய்க்குப் பயந்தே உள்ளே வரவைத்திருக்கிறேன். அப்படி ஒரு ஞாயிறு, வகுப்பு தொடங்கிய பிறகு, ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்தபடி அவர் வாசலில் நின்றார்.

“அம்மா வரலையா?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர்.”

“ஞாயித்துக்கிழமையில அப்படி என்ன சோலி அவங்களுக்கு?”

“இறந்துட்டா, டீச்சர்.”

சத்தம் போடாமல் சொன்னார். நான் பெஞ்சைக் காட்டினேன். இருவரும் உட்கார்ந்தார்கள்.

இறந்தவள் ஸ்டெல்லா. நம் பங்குப் பெண்தான். ஆயரின் அனுமதி வாங்கி இதே கோயிலில்தான் அவரைக் கட்டிக்கொண்டாள். இப்படிக் கலந்து கட்டும்போது, பிறக்கிற பிள்ளைகளைத் திருச்சபையில் வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பிலிருந்து வாக்குக் கொடுக்க வேண்டும். ஸ்டெல்லா கொடுத்தாள். மகள் ஜெனிட்டாவுக்குத் திருமுழுக்கும் வாங்கிக் கொடுத்தாள். பிறகு சிறுநீரகம் கெட்டு, பிள்ளைக்குப் பரலோக மந்திரம் முழுவதுமாக வாயில் வருமுன்னே போய்விட்டாள். வாக்குக் கொடுத்தவளே போன பிறகு பேச்சிமுத்துவை யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது. வகுப்பு முடிந்ததும் நானே இதைச் சொன்னேன். “சட்டப்படி உங்களுக்குக் கட்டாயம் இல்ல அண்ணாச்சி.” அவர் மகளின் தலையிலிருந்த ரிப்பனைச் சரிசெய்துகொண்டே, “அவ குடுத்த வாக்கு பாதியில நிக்கி டீச்சர். மிச்சத்த நான்தானே முடிக்கணும்” என்றார்.

முடிக்கத்தான் செய்தார். வீட்டில் ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்த பிறகு மகள் ஜெபம் சொல்ல, இவர் பதில் சொல்வார். ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா என்றால் அதற்கும் முதல் ஆளாக நிற்பார். அவருடைய ஆத்தாவுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

புதுநன்மை நாளில் நடந்ததை இதுவரை நான் வெளியே சொன்னதில்லை. பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாகப் போக, பெற்றோர் பக்கத்திலேயே போனார்கள். ஜெனிட்டாவோடு அவரும் போனார். அன்று வெளியூரிலிருந்து வந்திருந்த ஃபாதர் நற்கருணை கொடுத்தார். பிள்ளை வாங்கிக்கொண்டதும் ஃபாதர் இவர் பக்கம் திரும்ப, இவர் தனக்கு வேண்டாம் என்று கையை விரித்துக் காட்டியிருக்கிறார். கேட்கிறார் என்று நினைத்து ஃபாதர் அந்தக் கையில் நற்கருணை அப்பத்தை வைத்துவிட்டார். பின்னால் ஆட்கள் நெருக்கியதில் நிற்கவும் முடியாமல் இடத்துக்குத் திரும்பியவர், பூசை முடியும்வரை அந்தக் கையை மூடவும் இல்லை, மடியில் வைக்கவும் இல்லை. எல்லோரும் போட்டோ எடுக்க ஓடிய பிறகு என்னிடம் வந்தார். விரித்த கை விரித்தபடியே இருந்தது. “டீச்சர், இது எனக்குள்ளது இல்லைன்னு நீங்க சொல்லியிருக்கீக. கீழ விழுந்துரக் கூடாதேன்னு வச்சிருக்கேன். யாருகிட்ட குடுக்கணும்?” என்று கேட்டார்.

நம் பங்குத்தந்தையிடம் அழைத்துப்போனேன். அவர் அதை எடுத்துத் தாமே உட்கொண்டார். பிறகு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மற்ற எல்லாருக்கும் போல அவருக்கும் அதைக் கொடுத்துவிட ஆசையாக இருந்தது. திருமுழுக்கு வாங்காதவர் நற்கருணை வாங்க முடியாது என்று சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

அந்த ஆசையில்தான் அதற்குப் பிறகு ஒருநாள் நேராகவே கேட்டேன். “அண்ணாச்சி, இவ்வளவு படிச்சாச்சு. நீங்களும் திருமுழுக்குத் தண்ணி வாங்கிக்கிட்டா என்ன?” சிரித்தார். “மார்க்கெட்டுல ஆளு காத்துக்கிடக்கான் டீச்சர், நேரமாச்சு” என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் விடுகிற ஆளா? பெரியவர்களுக்குத் திருமுழுக்கு கொடுக்கிற பாஸ்கா திருநாளுக்கு முன் ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். ஒவ்வொரு முறையும் மார்க்கெட்டில் ஓர் ஆள் காத்துக்கிடப்பான். கடைசிவரை காரணம் சொல்லவில்லை. எனக்கு அதில் உள்ளுக்குள் வருத்தம் இருந்தது.

புதுநன்மையோடு பெற்றோர் வருவதை நிறுத்திக்கொள்ளலாம். இவர் நிறுத்தவில்லை. ஆடித்தபசு நடக்கிற நாட்களில் வருகிற ஞாயிற்றில் என் வகுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஊரே கோமதியம்மன் கோயில் பக்கம் இருக்கும்போது மறைக்கல்விக்கு யார் வருவார்கள்? நான் மட்டும் வீம்புக்குத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன். ஒரு வருஷம் அந்த ஞாயிறு அவர் மட்டும் வந்தார்.

“புள்ள எங்கே?”

“தபசு பாக்கணும்னு பெரியப்பா வீட்டுப் புள்ளைகளோட போகணும்னா. அனுப்பிட்டேன். பாடம் தவறக் கூடாதுல்லா, அதான் நான் வந்தேன். கேட்டுட்டுப் போயிச் சொல்லிக்குடுக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பாடம் எடுத்தேன். அன்றைய பாடம் திருமுழுக்கு. சாகக் கிடக்கிற ஒருவர் திருமுழுக்கு கேட்டு, குருவானவர் வர முடியாமல் போனால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தலையில் தண்ணீரை ஊற்றி, தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் என்று அந்த வார்த்தைகளைச் சொன்னால் போதும் என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யாருன்னாலும்னா? என்னைய மாதிரி ஆளுமா?”

“நீங்களும்தான். திருச்சபை செய்யுறதைச் செய்யணும்கிற எண்ணம் இருந்தாப் போதும்.”

“வாங்காதவன் குடுக்கலாமா டீச்சர்?”

“குடுக்கலாம்.”

“பரவாயில்லையே” என்றார். அதையே இரண்டு மூன்று முறை சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் ஜெனிட்டாவைக் கேட்டேன். ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். தகப்பனார் தலையில் சொம்புத் தண்ணீரைச் சாய்ப்பது போல நடித்துப் பழகினார்களாம்.

போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மஞ்சள் காமாலை என்று நாட்டு மருந்து குடித்தார். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனபோது ஈரலில் கட்டி, முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வாரத்தில் ஒருநாள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்து வந்தேன். கடைசியாகப் பார்த்தபோது கண்ணெல்லாம் மஞ்சளாகி, கையும் காலும் குச்சியாகிக் கிடந்தார். “ஜெனிட்டா உறுதிபூசுதல் வகுப்புக்கு ரெண்டு வாரமா வரல. அவள விட்டுறாதிய டீச்சர்” என்றார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதையும் கேட்கவில்லை. அந்த நிலையில் கேட்பது ஆளைப் பிடிப்பது போல இருக்கும் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த மதியம் ஜெனிட்டா கூப்பிட்டபோது குரலே வெளியே வரவில்லை. “டீச்சர், பெரியப்பா மருந்து வாங்கப் போயிருக்காவ. அப்பா கண்ணத் தொறக்க மாட்டேங்காவ. மூச்சு ஒரு மாதிரி இழுக்கு. நான் தண்ணி பாட்டில வச்சிக்கிட்டு நிக்கேன். ஊத்தட்டுமா டீச்சர்?”

பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். அவளுக்குத் தாய் போன இடத்துக்குத் தகப்பனும் போக வேண்டும், அவ்வளவுதான். ஊற்று என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்தது. வயது வந்த ஒருவரின் விருப்பம் தெரியாமல் திருமுழுக்கு கொடுக்கக் கூடாது. வருஷா வருஷம் கேட்டும் விருப்பம் சொல்லாதவர் அவர். தனக்குரியதல்ல என்று கையை மூடாமல் நின்ற மனுஷனின் தலையில், அவர் அறியாத நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“அப்பா காதுல கேளு மக்கா. சரின்னா ஊத்து. கேக்காம ஊத்தாத” என்றேன். அவள் “ம்” என்றாள். போன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அதன் பிறகு வந்தது அவருடைய அண்ணனின் போன்தான்.

மறுநாள் ஊருக்குப் போனேன். பங்குத்தந்தையும் வந்தார். நெற்றி நிறையத் திருநீறும் மாலையுமாகக் கிடத்தியிருந்தார்கள். அவருடைய ஆத்தா காலடியில் கிடந்து கதறிக்கொண்டிருந்தது. அண்ணன் எங்களைப் பார்த்து வந்து, “ஃபாதர், நீங்களும் உங்க முறைக்கு ஒரு ஜெபம் சொல்லுங்க. அவன் உங்க பக்கமும் நின்னவன்தானே” என்றார். ஃபாதர் மெல்லிய குரலில் சொன்னார். அண்ணன் மகன் கொள்ளிச்சட்டி எடுத்தான். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஜெனிட்டா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் நான் என்னவென்று கேட்பது?

திரும்பும்போது பஸ்ஸில் ஃபாதரிடம் கொட்டித் தீர்த்தேன். “கடவுளுக்குப் பேச்சிமுத்துவைத் தெரியாதா டீச்சர்?” என்றார். பாடமாக அது எனக்கும் தெரியும். நானே பிள்ளைகளுக்குச் சொல்வதுதான். ஆனாலும் தண்ணீர் விழாத ஆத்துமா மோட்சம் சேராது என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிப் பயமுறுத்தியது எல்லாம் திரும்பி வந்தது. சாப்பாடு பிடிக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். ஒருவேளை அவர் சரி என்று தலையசைக்க நினைத்து முடியாமல் போயிருந்தால்? நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் நிம்மதி இருந்திருக்குமே என்று நினைத்து நினைத்து அழுதேன்.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு ஜெனிட்டா வந்தாள். பெரியப்பாதான் கொண்டுவந்து விட்டார். மெலிந்து, கண் உள்ளே போயிருந்தது. வகுப்பு முடிகிற வரை பொறுத்தேன். மற்ற பிள்ளைகள் போனதும் கேட்டேன். “அன்னைக்கு அப்பாகிட்ட கேட்டியா மக்கா?”

“கேட்டேன் டீச்சர். காதுக்குள்ள சொன்னேன். கண்ணத் தொறந்துட்டாவ. ‘உங்க அம்மை என்னைய இப்படியேதானட்டி கட்டிக்கிட்டா. அங்கன போனாலும் இப்படியே சேத்துக்கிடுவா’ன்னாவ.”

இத்தனை வருஷம் நான் கேட்டதற்கு அவர் வைத்திருந்த பதில் இதுதான் போலிருக்கிறது. மகள் கேட்டபோதுதான் சொல்லியிருக்கிறார். அதை எடுத்துத் திருத்துவதற்கு என்னிடம் பாடம் எதுவும் இல்லை. தேடவும் போவதில்லை. பேச்சிமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வார்த்தையைத்தான். பூசையில் இறந்தவர்களுக்காக வேண்டும்போது ஸ்டெல்லாவின் பெயரையும் அவர் பெயரையும் சேர்த்தே சொல்லுகிறேன். சொல்லும்போது அழுகை வந்துவிடுகிறது.

அன்று ஜெனிட்டாவிடம் இன்னொன்றும் கேட்டேன். “அந்தத் தண்ணியை என்னட்டி செஞ்ச?”

“தாகமா இருக்குன்னாவ டீச்சர். குடிக்கக் குடுத்தேன்.”